மலையில் ஒரு மருத்துவமனை: ஒரு திருநம்பியின் இரண்டாண்டு மதிப்புரை

நீலகிரி மலையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு 2023 ஜூன் மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுகள் நோயாளியாகப் போய்வந்திருக்கிறேன். நாற்பது படுக்கைகள், ஓர் ஆய்வகம், ஒரு ஸ்கேன் அறை, வாசலிலேயே மருந்துக்கடை, வாரத்தில் சில நாட்கள் கோயம்புத்தூரிலிருந்து மேலேறி வரும் சிறப்பு மருத்துவர்கள் என்று, மலை ஊர்களில் வழக்கமாகக் காணக்கூடிய நடுத்தர மருத்துவமனைதான் அது. அதன் பெயரையோ அது இருக்கும் ஊரையோ இங்கே எழுதவில்லை. இந்த மாவட்டத்தில் ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் திருநம்பிகளை, அதாவது பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர்களை, விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், மருத்துவமனையின் பெயரைச் சொன்னால் என் பெயரையும் எனக்கு மருத்துவம் பார்ப்பவரின் பெயரையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். பெயரில்லாத மதிப்புரையால் என்ன பயன் என்று கேட்கலாம். மலையில் வாழும் திருநங்கை, திருநம்பி முதலிய திருநர்கள் எல்லோருக்கும், எந்த மருத்துவமனையின் படியேறினாலும் எந்தெந்த இடத்தில் கால் தடுக்கும் என்பதாவது தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். 2021-இல் கோயம்புத்தூரில் ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தொடங்கினேன். மூன்று வாரத்திற்கு ஓர் ஊசி. முதல் ஆண்டில் மூன்று மாதத்திற்கு ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறை. குன்னூரிலிருந்து கோவை ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர்தான் என்றாலும் மலைப்பாதையில் பேருந்து இறங்கி ஏறுவதற்குள் ஒரு பகல் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். அந்தப் பாதையிலும் மரம் விழுந்துவிட்டால் ஊசி அடுத்த வாரத்திற்குத் தள்ளிப்போகும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போகும், மேலாளரிடம் சொல்ல ஒரு பொய்யும் வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் திருநர்களுக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. எங்களுக்கு அவை கோவையைவிடத் தொலைவு. தொடங்கிவிட்ட சிகிச்சையைத் தொடர்ந்து கவனிப்பதற்குச் சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மருந்து எழுதிப் பழகிய பொது மருத்துவரே போதும் என்று கோவை மருத்துவர் சொல்லி, ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடுதான் இந்த மருத்துவமனைக்குப் போனேன்.

முதல் நாள் பதிவு மேசையில் கைப்பேசி எண்ணைக் கேட்டார்கள். எண்ணைத் தட்டியதும் கணினியில் என் பழைய பெயர் எழுந்து நின்றது. 2016-இல் அங்கே இரண்டு நாள் படுத்திருந்ததையே நான் மறந்திருந்தேன். மேசையில் இருந்த பெண் திரையையும் என் தாடியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இந்த நம்பர்ல ஒரு பொண்ணு பேருதான் இருக்கு, உங்க தங்கச்சியாண்ணா?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தங்கையே கிடையாது. புதிய பெயரில் புதிய எண் போட்டுத் தந்தார்கள். அன்றிலிருந்து ஏழு மாதம், நான் எனக்கே அண்ணனாக அந்த மருத்துவமனைக்குப் போய்வந்தேன். 2022-இல் மாவட்ட ஆட்சியரிடம் பெற்ற அடையாளச் சான்றிதழும், அதைக் கொண்டு பெயர் மாற்றிய ஆதார் அட்டையும் என் பையிலேயே இருந்தன. எடுத்துக் காட்டத் துணிவு வரவில்லை. காட்டும்படியான இடமாகவும் அந்த மேசை அமைந்திருக்கவில்லை. மேசைக்கும் வரிசைக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இல்லை, நடுவில் இருப்பதோ ஓட்டை போட்ட கண்ணாடி. எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

பதிவுப் படிவத்தில் பாலினத்திற்கு மூன்று கட்டங்கள்: ஆண், பெண், மற்றவை. எங்கள் கணக்குப் புத்தகத்தில் 'மற்றவை' என்ற தலைப்பின் கீழ் நான் எழுதுவது பிஸ்கட், ஊதுவத்தி, தபால்தலை போன்ற சில்லறைச் செலவுகள். தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்ட சொற்பட்டியலில் திருநர், ஊடுபால் (இன்டர்செக்ஸ்) என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. படிவத்தை அச்சடித்தவர் அதைப் பார்க்கவில்லை போலும். அடுத்த வரியில் 'தந்தை அல்லது கணவர் பெயர்' என்று இருந்தது. வீட்டைவிட்டு வெளியேறிய ஒருவருக்கு அந்த வரி பாலினக் கட்டத்தைவிடக் கடினமானது. நான் ஆண் என்று குறியிட்டு, தந்தை பெயரை எழுதினேன். பிறகு கூடத்தில் ஒலிபெருக்கி என் பெயரோடு அப்பாவின் பெயரையும் சேர்த்து அழைத்தது. எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நால்வர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

இத்தனையும் கடந்து மருத்துவரின் அறைக்குள் போனால் அது வேறு உலகம். கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. முடித்ததும் மூன்று கேள்விகள் கேட்டார்: உங்களை எந்தப் பெயரில் அழைக்கட்டும், கடைசி ஊசி எப்போது போட்டீர்கள், சிகரெட் பிடிப்பீர்களா. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேனா என்று அன்று கேட்கவில்லை, அன்றைய வேலைக்கு அது தேவைப்படவும் இல்லை. இதைப் பெரிதாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இதற்கு முன் சமவெளியில் ஒரு மருத்துவமனையில் வயிற்றுவலி என்று போனபோது, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கீழே என்ன இருக்கிறது என்ற விசாரணை நடந்தது. வலிக்கு ஊசிதான் காரணம், நிறுத்திவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். பிறகு வேறிடத்தில் எடுத்த ஸ்கேனில் பித்தப்பைக் கல் என்று தெரிந்தது. காய்ச்சலோ, கை எலும்பு முறிவோ, எது வந்தாலும் பழியை ஹார்மோன்மேல் போட்டுவிடுவது திருநர்கள் எல்லோருக்கும் பழகிப்போன அனுபவம். இந்த மருத்துவர் அதைச் செய்வதில்லை.

அது உறுதிப்பட்டது 2023 நவம்பரில். ஐந்து நாள் விடாத காய்ச்சல், தலைவலி, உடம்பு முறிப்பது போன்ற வலி. மழைக்குப் பின் தேயிலைக் காட்டுக்குள் நடக்கிறவர்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்குமோ என்று பார்ப்பது இங்கே வழக்கம். கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணியின் குஞ்சு கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு சிலருக்கு இருக்கும்; அதைக் கண்டுவிட்டால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே டாக்ஸிசைக்கிளின் தொடங்கிவிடலாம். ஆனால் அந்தப் பொருக்கு அக்குளிலும், இடுப்பு மடிப்பிலும், தொடை இடுக்கிலும், மார்பின் அடியிலும்தான் ஒளிந்திருக்கும். அதாவது, என் போன்றோர் எவருக்கும் காட்ட விரும்பாத இடங்கள் அனைத்திலும் தேட வேண்டும்.

மருத்துவர் முதலில் எதற்காகத் தேடுகிறார் என்று சொன்னார். தேடாவிட்டாலும் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கலாம், முடிவு வர ஒரு நாள் கூடுதலாக ஆகும், அதுவும் ஒரு வழிதான் என்றார். உடன் நிற்பதற்கு ஆண் செவிலியர் வேண்டுமா, பெண் செவிலியர் வேண்டுமா, யாரும் வேண்டாமா என்று கேட்டார். போர்வையை என் கையிலேயே கொடுத்து, எந்தப் பக்கம் திறக்கலாம் என்பதை நானே முடிவுசெய்யும்படி விட்டார். பொருக்கு அகப்பட்டது மார்புக்கட்டின் கீழ்விளிம்பில், விலாவோரம். மார்பை இறுக்கும் அந்த உள்ளாடையை நான் காய்ச்சலோடும் கழற்றாமல் இரவு பகலாக அணிந்திருந்தேன் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கண்டிக்கவில்லை. காய்ச்சல் தணியும்வரை வேண்டாம், பிறகும் ஒரு நாளில் எட்டு மணி நேரத்திற்கு மேல் வேண்டாம், தூங்கும்போது கூடவே கூடாது என்று, ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிச் சொல்கிற அதே குரலில் சொன்னார். மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

இந்த மருத்துவர் ஆணா பெண்ணா என்று இதுவரை நான் எழுதவில்லை, வாசகருக்கும் அது தடையாக இருந்திருக்காது. தமிழில் 'அவர்' என்றால் போதும். 'நீங்கள்' என்றால் போதும். 'வாங்க, உட்காருங்க' என்பதில் பால் இல்லை. பிற மொழிக்காரர்கள் எந்தச் சுட்டுப்பெயரை வைப்பது என்று சண்டையிட்டுக்கொண்டிருக்க, நமக்கு அந்தச் சிக்கலை மரியாதையே தீர்த்து வைத்திருக்கிறது. நமக்குச் சிக்கல் உறவுமுறைச் சொல்லில் வருகிறது. அண்ணா, அக்கா, தம்பி, பாப்பா, சார், மேடம் இல்லாமல் இங்கே எவராலும் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மேசைப் பெண் அண்ணா என்றார். ஒலிபெருக்கி அப்பாவின் மகனாக அழைத்தது. பழைய கோப்பைத் திறந்த நாளில் அதே மேசை என்னை மேடம் என்றது.

பழைய கோப்பு திறந்த கதை இது. 2024 ஜனவரியில் சிறுநீர்த் தொற்று என்று போனபோது மருத்துவர் இல்லை. பணியில் இருந்த இளம் மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் அட்டையைக் கையில் வாங்கியதும் அந்தப் பெயர் எங்கோ உறைத்தது. சல்பா வகை மருந்து. 2016-இல் இதே மருத்துவமனையில் இதே மருந்தால்தான் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, இரண்டு நாள் படுத்திருந்தேன். ஒவ்வாமைக் குறிப்பைச் சிவப்பு எழுத்தில் கணினியில் ஏற்றியும் இருந்தார்கள், என் இல்லாத தங்கையின் பெயரில். என் கோப்பிலோ ஒவ்வாமை எதுவும் இல்லை என்று இருந்தது. இளம் மருத்துவர்மேல் இதில் பிழையே இல்லை. நான் பொய் சொன்னதும், பொய் சொல்லாமல் கடக்க முடியாத இடத்தில் அந்த மேசையை வைத்ததும் சேர்ந்து, அவருடைய கையிலிருந்து ஒரு தகவலைப் பிடுங்கிவிட்டன.

அடுத்த முறை மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிர்வாகத்திற்குக் குறிப்பு எழுதி, இரண்டு கோப்புகளையும் ஒன்றாக்கச் சொன்னார். மூன்று வாரம் ஆனது. கணினி பழைய எண்ணைத் தாய்க்கோப்பாக வைத்துக்கொண்டு புதியதை அதற்குள் விழுங்கியது. பெயரை மாற்றிக்கொள்ள முடிந்தது, பாலினத்தை மட்டும் அது 2016-இல் இருந்தபடியே பெண் என்று வைத்துக்கொண்டது. அதை எவரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

அதன் விளைவு ஆய்வகத்தில் தெரிந்தது. 2024 ஏப்ரலில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 16.8 கிராம் என்று வந்தது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட் 50 விழுக்காடு. கணினி பெண்களுக்கான அளவான 12 முதல் 15 வரை என்பதைப் பக்கத்தில் அச்சடித்து, இரண்டு எண்களுக்கும் கறுப்பு நட்சத்திரம் போட்டது. ஆய்வக ஊழியர் தாளைத் தரும்போதே, "ரத்தம் ரொம்பக் கெட்டியா இருக்கு, உடனே காட்டுங்க" என்றார். நம் மருத்துவர் அப்போது குடும்பக் காரணத்தால் இரண்டு மாத விடுப்பில் இருந்தார். அவருடைய இடத்தில் இருந்தவர் நட்சத்திரத்தைப் பார்த்தார், பாலினம் பெண் என்பதைப் பார்த்தார், ஊசியை நிறுத்தச் சொன்னார். திரும்பத் தொடங்க வேண்டுமானால் மனநல மருத்துவரிடம் புதிதாகச் சான்று வாங்கி வர வேண்டும் என்றார். மூன்று ஆண்டுகளாக எடுத்துக்கொள்ளும் மருந்து இது, கடிதம் கோப்பில் இருக்கிறது என்றேன். கோப்பைத் தேடினார்கள். ஒன்றாக்கியபோது இணைப்புகள் வந்து சேரவில்லை.

ஒன்பது வாரம் ஊசி இல்லாமல் இருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நின்றுபோயிருந்த மாதவிடாய் திரும்பி வந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

ஜூன் இறுதியில் மருத்துவர் திரும்பியதும் தாளைப் பார்த்து நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு விளக்கினார். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும். அதனால் அதை எடுத்துக்கொள்பவருக்கு ஆண்களின் அளவை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும், அதன்படி 16.8 என்பது மேல் எல்லைக்குள்தான். இரண்டாவதாக, நாங்கள் வாழ்வது 1,800 மீட்டருக்கு மேல். காற்றில் பிராணவாயு குறையக் குறைய உடல் தானாகவே சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும். ரத்தசோகையைக் கணிக்கும்போது உயரத்திற்கேற்பக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. இந்த உயரத்தில் அது ஏறத்தாழ ஒரு கிராம். மூன்றாவதாக, நான் அன்று தண்ணீர்கூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு வந்திருந்தேன், நீர்ச்சத்து குறைந்தால் ரத்தம் செறிவாகத்தான் தெரியும். ஹீமட்டோகிரிட் 54 விழுக்காட்டைத் தாண்டினால் ஊசியை நிறுத்தி யோசிப்பது வழக்கம். 50 என்றால் தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும், அவ்வளவே. சிறுநீரகச் செயல்பாட்டைக் கணக்கிடும் சூத்திரத்திலும் பாலினம் சேர்வதால் அந்த எண்ணையும் இனி யோசித்துத்தான் படிக்க வேண்டும் என்றார். ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்ளும் எவரும் இந்தப் பத்தியை மருத்துவரிடம் காட்டலாம். சமவெளியின் அளவுகோலை மலையில் வைத்து, அதிலும் தவறான கட்டத்தில் வைத்துப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு என் ஒன்பது வாரங்களே சாட்சி.

கணினியில் பாலினத்தை ஆண் என்று மாற்றினார்கள். அத்தோடு தீர்ந்தது என்று நானும் எண்ணினேன். திரும்பி வந்த உதிரப்போக்கு நிற்காததால் அடிவயிற்று ஸ்கேன் எடுக்கச் சொன்னபோது, கருப்பை ஸ்கேனுக்கான சீட்டை ஆண் பெயரில் போட முடியாது என்று கணினி மறுத்தது. ஸ்கேன் அறையின் ஊழியர் கதவைத் திறந்து தலையை நீட்டி, கூடம் முழுவதும் கேட்க, "இது யாருக்கு? பேஷண்ட் ஜென்ட்ஸா லேடீஸா?" என்றார். அவருடைய தலைக்கு நேர்மேலே, சட்டப்படி எல்லா ஸ்கேன் மையங்களிலும் மாட்டியிருக்கும் பலகை தொங்கிக்கொண்டிருந்தது: கருவில் இருக்கும் சிசுவின் பாலினத்தைத் தெரிவிப்பது தண்டனைக்குரிய குற்றம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கருவில் உள்ளதற்குக் கொடுத்த காப்பு, பிறந்து முப்பது ஆண்டு கடந்தவனுக்குக் கிடைக்கவில்லையே என்று அன்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளை, சிரிப்புதான் வந்தது.

ஆக, ஒரு கட்டத்தை அழித்து இன்னொரு கட்டத்தில் குறியிடுவதால் இது தீர்வதில்லை. ஆள் யார் என்பது ஒரு வரி. உடலில் எந்தெந்த உறுப்புகள் இருக்கின்றன, எந்த ஹார்மோன் ஓடுகிறது என்பது மற்றொரு வரி. முதல் வரி அழைப்பதற்கு, படுக்கை ஒதுக்குவதற்கு. இரண்டாவது வரி ஆய்வகத்திற்கும் ஸ்கேனுக்கும், கருப்பை இருக்கும்வரை கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை நினைவூட்டுவதற்கும். ஆண் என்று மட்டும் பதிந்தால் அந்தப் பரிசோதனைக்கு என்னை எந்தக் கணினியும் அழைக்காது. மென்பொருளை மாற்ற நிர்வாகத்தால் முடியவில்லை, விற்றவர்கள் எங்கோ இருக்கிறார்கள். மருத்துவர் ஒரு மஞ்சள் தாளில் பெயர், அழைக்கும் முறை, உறுப்புகள், மருந்து, அளவு, ஒப்பிட வேண்டிய எல்லைகள், சல்பா ஒவ்வாமை அனைத்தையும் எழுதிக் கையெழுத்திட்டு, கோப்பின் முகப்பில் ஒன்றும் என் பையில் ஒன்றுமாக வைத்தார். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு அவர் இல்லாத நாட்களிலும் எனக்கு ஊசி தவறியதில்லை. அவருடைய பரிவைவிட அந்த மஞ்சள் தாளைத்தான் இந்த மருத்துவமனையின் சிறந்த சேவையாக நான் மதிப்பிடுகிறேன், ஏனென்றால் தாள் விடுப்பில் போவதில்லை.

என் பரிந்துரையால் அங்கே போன இருவரின் அனுபவத்தையும் அவர்களுடைய சம்மதத்தோடு சேர்க்கிறேன். ஒருவர் என்னைவிட மூத்த திருநங்கை. அக்கா என்றே அழைப்பேன். நிமோனியாவோடு சேர்க்கப்பட்டபோது ஆண்கள் வார்டா பெண்கள் வார்டா என்று அரை மணி நேரம் சக்கர நாற்காலியிலேயே வைத்திருந்தார்கள். பிறகு தனி அறை கொடுத்தார்கள், மரியாதையாகத்தான். வீட்டுக்குப் போகும் நாளில் ரசீதைப் பார்த்தால் வார்டுக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய், அவருக்குத் தனி அறை வாடகை 1,200 ரூபாய். தாம் கேட்காத அறைக்குத் தாம் ஏன் மூன்று மடங்கு தர வேண்டும் என்று அக்கா கேட்டார். வாதாடிய பிறகு வித்தியாசத்தைக் கழித்தார்கள். ரசீதில் இன்னொன்றும் இருந்தது: எச்.ஐ.வி. பரிசோதனை. அவரிடம் எவரும் கேட்கவில்லை, அதே நாளில் நிமோனியாவோடு சேர்ந்த பக்கத்து அறை நோயாளிக்கு அது எடுக்கப்படவும் இல்லை. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், விளக்கிச் சம்மதம் பெறாமல் அந்தப் பரிசோதனையைச் செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. எழுத்தில் புகார் கொடுத்தோம். ஆய்வகத்தில் இப்போது சம்மதப் படிவம் வைத்திருக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்தேன், அதையும் சொல்ல வேண்டும்.

மற்றொருவர் ஆண், பெண் என்ற இரண்டிலும் தம்மைச் சேர்த்துக்கொள்ளாதவர், நான்-பைனரி. கூடலூர்ப் பக்கம் பள்ளியில் வேலை பார்க்கிறார். ஹார்மோனும் வேண்டாம், அறுவையும் வேண்டாம், தூக்கம் வந்தால் போதும் என்றுதான் போனார். எங்கள் மருத்துவருக்கே இவரைப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது: அப்படியென்றால் எதை நோக்கி மாறப்போகிறீர்கள் என்று கேட்டாராம். எங்கும் மாறவில்லை, இப்படியே இருக்கிறேன் என்றாராம் இவர். அது இருவரும் சிரித்த உரையாடல். ஆனால் மாதம் ஒரு சனிக்கிழமை மலையேறி வரும் மனநல மருத்துவர், பெற்றோரை அழைத்து வரச் சொல்லி, திருமணம் ஆனால் சரியாகிவிடும் என்று மாத்திரையோடு சேர்த்து எழுதாத குறையாகச் சொல்லி அனுப்பினார். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆவது பதிப்பு 2022-இல் நடைமுறைக்கு வந்தபோதே பாலினப் பொருத்தமின்மையை, அதாவது பிறப்பில் பதிந்த பாலினமும் தாம் உணரும் பாலினமும் பொருந்தாமல் இருப்பதை, மனநோய்களின் அத்தியாயத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டது. 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படி 'மாற்றிக் குணப்படுத்தும்' முயற்சிகளைத் தடுக்க உத்தரவிட்டார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதை மருத்துவ ஒழுங்கீனம் என்று அறிவித்தது. இவற்றை எடுத்துச் சொன்னபோது, வருகை மருத்துவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர் என்று நிர்வாகம் பதில் சொன்னது. கட்டணத்தை மட்டும் அதே கல்லாவில்தான் வாங்குகிறார்கள். அந்த நண்பர் பிறகு அங்கே போகவில்லை.

மருந்துக்கடையைப் பற்றிச் சுருக்கமாக: திருநங்கைகள் எடுத்துக்கொள்ளும் எஸ்ட்ராடையால் மாத்திரை மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் எழுதப்படுவதால் பெரும்பாலும் இருக்கும், டெஸ்டோஸ்டிரோன் ஊசி இருக்காது. கோவையிலிருந்து வரவழைக்க நான்கைந்து நாள் ஆகும். முதல் முறை சீட்டைப் பார்த்த கடைக்காரத் தம்பி, "ஜிம்முக்காண்ணா?" என்று கேட்டு என் தோளை அளவெடுத்தார். நெடுநாட்களுக்குப் பிறகு என்னை மனம் குளிரவைத்த கேள்வி அதுதான்.

மருத்துவரைப் பார்க்க 300 ரூபாய், ஊசி போட 50 ரூபாய். கோவைக்குப் போய்வரும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. ஐந்து மதிப்பெண்ணுக்கு மருத்துவருக்கு ஐந்தையும், ஆய்வகத்திற்குத் திருந்தியதற்காக மூன்றையும், பதிவு மேசைக்கு ஒன்றரையையும் கொடுப்பேன். மேசைக்கு அந்த அரை மதிப்பெண் எதற்கென்றால், 2025 ஜனவரி முதல் பெயரைச் சொல்லி அழைப்பதை நிறுத்திவிட்டு டோக்கன் எண்ணை அழைக்கிறார்கள். கண்ணாடியில் ஓட்டை அப்படியேதான் இருக்கிறது.

போக நினைப்பவர்கள் காலை எட்டரைக்குள் டோக்கன் வாங்கிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை மருத்துவர் வருவதில்லை. ஆட்சியர் சான்றிதழின் நகலையும், உங்கள் மருந்து, ஒவ்வாமை, உறுப்புகள் எழுதிய ஒரு தாளையும் முதல் நாளே கொண்டுபோய், மேசையில் பேசாமல் மருத்துவரின் கையில் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். ரத்தம் கொடுக்கும் நாளில் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். ஊசி அறையில் இருக்கும் மூத்த செவிலியர் அதிகம் பேசமாட்டார், என்னைத் தம்பி என்றுதான் அழைப்பார். மார்கழிக் குளிரில் எண்ணெய் மருந்து இறுகிக் கெட்டியாக இருக்கும், அப்படியே ஏற்றினால் இரண்டு நாள் வலிக்கும் என்பதால், அவர் ஆம்பூலை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிக்கொண்டே தேயிலை விலை என்ன என்று கேட்பார். அவர் இல்லாத நாளாக இருந்தால், மருந்தைப் பையில் வைக்காமல் சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்காருங்கள். முறை வருவதற்குள் சூடாகிவிடும்.